பேரிகையார் உயிலின் இரண்டாம் சாட்சி

“அப்ப நான் எங்க படுத்துக்கிறது?”

ராஜம்மா அக்கா இதைக் கேட்டபோது மணி பதினொன்று இருபது. அவர் கையில் ஒரு தட்டு, தட்டில் ஒன்பது டம்ளர் காபி. கூடத்தில் இருந்தவர்கள் பதினோரு பேர். இரண்டு பேருக்குச் சர்க்கரை என்பதால் காபி வேண்டாமென்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

அக்காவின் கணவர், நாடகாசிரியர் பேரிகையாரின் படத்தை அப்போதுதான் திறந்து வைத்திருந்தோம். சாமந்தி மாலையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. படத்தின் கீழே நின்று உயிலை உரக்க வாசித்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கோவிந்தசாமி. பேரிகையார் நினைவில்லக் குழுவின் தலைவர். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, “அதுவும் இருக்குதுங்கம்மா, அடுத்த பாராவுல வருது” என்றார்.

வந்தது.

வீடு முழுவதும் பேரிகையாரின் நினைவில்லமாக வேண்டும். கூடம் படங்களுக்கு, படுக்கையறை கையெழுத்துப் பிரதிகளுக்கு, சமையலறை வாசகர்களுக்கு. மனைவி ராஜம்மாள் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் தங்கிக்கொண்டு, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை வருகிற பார்வையாளர்களுக்கு ஆசிரியரின் வாழ்க்கையை எடுத்துச் சொல்ல வேண்டியது. வியாழக்கிழமை விடுமுறை.

அக்கா தட்டை ஸ்டூலில் வைத்தார்.

“வியாழக்கெழம லீவா? பரவால்லயே. உசுரோட இருந்தப்ப அதுகூட குடுக்கல.”

யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். நான்தான்.

அந்த உயிலின் கடைசிப் பக்கத்தில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவனும் நான்தான்.

சால்வைகளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி

இந்தத் தொடரில் பேரிகையாரின் பெயர் ஏற்கெனவே மூன்று முறை வந்துவிட்டது. அவர் யாரென்று ஒரு வாசகர் அஞ்சலட்டையில் கேட்டிருந்தார். ஓசூரில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பவர், நான் அறிந்தவரை, அவர் ஒருவர்தான்.

பேரிகை கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எழுதியது தமிழ். ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீசில் வேலை பார்த்தார். முதல் ஷிப்டு முடிந்து வருகிற ஆட்களை வைத்து ஒத்திகை நடத்துவார். கிருஷ்ணகிரி, மத்தூர், பெங்களூர்த் தமிழ்ச் சங்கங்கள் என்று மேடைகள் கூடக் கூட, ஒருநாள் வேலையை விட்டார். “கலைஞனுக்குச் சங்கு ஊதி நேரம் சொல்லக் கூடாது” என்று அறிவித்தார். கைதட்டினோம். கைதட்டிய அத்தனை பேரும் அன்று இரண்டாம் ஷிப்டு சங்குக்கு ஓடினோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த சம்பளம் ராஜம்மா அக்காவுடையது. பாகலூர் சாலையில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூக்களைக் காம்பு நீளம் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்து வேன் வரும். பேரிகையார் பெயரில் இருக்கும் அந்த வீடு அக்காவின் விரல் நுனியில் ஏறிய முட்களால் கட்டப்பட்டது. இது அலங்காரம் இல்லை. சுவர் எழுந்த மாதம், ஜன்னல் வைத்த மாதம் எல்லாம் என் டைரியில் இருக்கின்றன. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

பேரிகையாரின் பெரும்புகழ் பெற்ற நாடகம் ‘கதவு அவளுடையது’. தான் கட்டிய வீட்டிலிருந்து தன்னை வெளியேற்றும் கணவனிடம், ஒருத்தி தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு பதினோரு நிமிடம் பேசுவாள். ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் அழுவார்கள். அக்கா அந்தக் கட்டத்தைப் பார்த்ததே இல்லை. “பாதி நாடகம்தாம்பா பாத்திருக்கேன். ஒறங்கலன்னா வேன வுட்ருவேன்” என்பார்.

ஒவ்வொரு மேடையிலும் பேரிகையாருக்குச் சால்வை போர்த்தினார்கள். வீட்டில் அதற்கென்றே ஒரு டிரங்குப் பெட்டி. அது நிரம்பிய பிறகு வந்த சால்வைகளை அக்கா குளிர்சாதனப் பெட்டிக்கும் மாவு டப்பாவுக்கும் போர்த்தினார். அவையும் வாழ்நாள் சாதனையாளர்கள்தான்.

நான் அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவன். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புவது என் வேலை. நாடகத்தில் எனக்குக் கிடைத்த வேலையும் ஏறக்குறைய அதுதான். மேடையின் இடப்பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு மெல்லிய குரலில் எடுத்துக் கொடுப்பது. இருபத்திரண்டு வருடம். அத்தனை வருடத்தில் என் குரல் மூன்றாவது வரிசைக்குக் கேட்டதில்லை.

சிவப்புப் பேனா

பேரிகையார் இறந்தது ஒரு பிற்பகலில், கூடத்துப் பிரம்பு நாற்காலியில். வலி இல்லை, மருத்துவமனை இல்லை. மடியில் அவருடைய எண்பதாவது பிறந்தநாள் விழா அழைப்பிதழின் அச்சுப்படி. கையில் சிவப்புப் பேனா.

அக்கா எனக்குத்தான் முதலில் போன் செய்தார். “ஏமய்யா கணேசு, இவரு கூப்புட்டா பேச மாட்டேங்குறாரு. எப்பவும் அப்பிடித்தான், ஆனா இன்னிக்கி வேற மாதிரி இருக்குது.” இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அச்சுப்படியைப் பார்த்தேன். தமது பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘என் பெயர் இன்னும் சற்றுப் பெரிதாக.’

அதுதான் அவர் கடைசியாக எழுதியது. மறுநாள் இரங்கல் சுவரொட்டியில் கோவிந்தசாமி அதை அச்சிட்டிருந்தார்: ‘தமிழ் இன்னும் சற்றுப் பெரிதாக! — பேரிகையாரின் இறுதி வாசகம்.’

“வாத்தியாரே, அதுல வேற மாதிரி இருந்துச்சுங்களே” என்றேன்.

“கணேசன், பெரிய மனுசங்க கடைசியா என்னா சொன்னாங்கன்றது முக்கியமில்ல. என்னா சொல்லியிருப்பாங்கன்றதுதான் முக்கியம்.”

இந்த வாக்கியத்தை டைரியில் அப்படியே எழுதி வைத்தேன். பின்னால் உதவும் என்று அப்போது தெரியாது.

பெரிய மனிதருக்குப் பெரிய குழி

பேரிகையில் அவருடைய பங்காக ஒரு துண்டு நிலம் மிச்சம் இருந்தது. அவர்கள் வழக்கப்படி சொந்த நிலத்தில்தான் புதைப்பது. பேரிகையாரோ பகுத்தறிவுவாதி, சடங்கு எதுவும் கூடாது என்று மேடைதோறும் சொன்னவர். எனவே சடங்கு இல்லாமல் நடத்துவதற்கான ஏற்பாடுகள் காலை ஆறு மணிக்கே தொடங்கின. ஒரு சடங்குக்குக்கூட அவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டிருக்காது.

குழி தோண்ட ஒரு பொக்லைன் வந்தது. ஓட்டுநர் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள், கன்னடம் மட்டும் பேசுவார். இயந்திரச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் கையசைவில் சொன்னால் போதும் என்றார். மேற்பார்வைக்குக் கோவிந்தசாமி நின்றார். நின்றவர் சும்மா நிற்கவில்லை. சிறிது நேரத்தில் பேச வேண்டிய இரங்கலுரையைத் தமக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையை ஓங்காமல் பேசத் தெரியாதவர். ‘இமயமே’ என்று கை உயர்ந்தது, ஓட்டுநர் இன்னொரு அள்ளு அள்ளினார். ‘கடலே’ என்று கை விரிந்தது, குழி அகலமானது.

நான் மத்தூரிலிருந்து வந்த நடிகர்களை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டிக்கான பள்ளம் இருந்தது. அளந்தேன், டேப் எப்போதும் பையில் இருக்கும். நீளம் பதினான்கு அடி, அகலம் ஒன்பது.

“இவ்வளவு எதுக்குங்க?”

கோவிந்தசாமி ஒரு கணம்தான் தடுமாறினார். “பெரிய மனுசனுக்குப் பெரிய குழி” என்றார். அது உடனே இரங்கலுரையில் சேர்ந்துவிட்டது.

பேச்சாளர்கள் பதினான்கு பேர். தமிழில் பேசியவர் பேரிகையார் தமிழுக்குச் சொந்தம் என்றார். தெலுங்கில் பேசியவர் தாய்மொழி தெலுங்கு என்பதை நினைவூட்டினார். பெங்களூரிலிருந்து கன்னடக்காரர்கள் வருவதாக இருந்தது. அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டதால், போனை ஒலிபெருக்கியில் பிடித்து அவரைத் தங்களுக்குச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ராஜம்மா அக்காவுக்குச் சொந்தம் என்று எவரும் சொல்லவில்லை. அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலியின் ஒரு கால் புதுமண்ணில் இறங்கிக்கொண்டே போனது.

எட்டாவது பேச்சாளர் பாதியில் இருக்கும்போது, சாலையில் இரண்டாம் ஷிப்டு பஸ் ஹாரன் அடித்தது. கூட்டத்தில் பாதி எழுந்து ஓடியது. பேச்சாளரும் பஸ்ஸைத்தான் பார்த்தார். “மீதியை நினைவேந்தல் கூட்டத்தில் பேசுகிறேன்” என்று முடித்து அவரும் ஓடினார். கலைஞனுக்குச் சங்கு ஊதி நேரம் சொல்லக் கூடாது என்றவரின் அடக்கம் அன்று சங்குக்கு முன்பாகவே முடிந்தது.

‘ஃபேனைத் திருப்பு!’

இரண்டாம் சாட்சியைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும்.

ரஷீத் பாய்க்கு ஜூஜுவாடியில், நெடுஞ்சாலை ஓரத்தில் லாரித் தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை. பேரிகையாரின் எல்லா நாடகங்களிலும் அவர்தான் கதாநாயகன். ஆறடி உயரம், வெண்கலக் குரல். கண்ணில் நினைத்தபோது தண்ணீர் வரும். ஒரே குறை, ஒரு வசனத்தைக்கூட அவர் மனப்பாடம் செய்ததில்லை.

“நீ இருக்கும்போது எனக்கு எதுக்குப்பா அந்தத் தலவலி?” என்பார்.

மேடையில் நடந்துகொண்டே இடப்பக்கத் தட்டிக்கு வருவார். கண் மட்டும் இலேசாக என் பக்கம் திரும்பும். நான் முணுமுணுப்பேன். அது அவர் மூளைக்குப் போவதில்லை. காதில் நுழைந்து நேராகத் தொண்டைக்குப் போய் முழக்கமாக வெளியே வரும்.

மத்தூரில் ஒருமுறை, அவர் மனைவியின் மரணப் படுக்கைக்கு அருகே நின்று கதற வேண்டிய கட்டம். என் பக்கத்தில் லைட் போடுகிறவர் மின்விசிறியைத் தம் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக, “ஃபேனைத் திருப்பு, வேர்க்குது” என்றேன்.

மேடையில் ரஷீத் பாய் இரு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார். “ஃபேனைத் திருப்பு! வேர்க்குது!”

அரங்கமே அழுதது. பெங்களூரில் ஒரு விமர்சகர், சாவின் முன் மனிதனின் இயலாமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று எழுதினார். அடுத்த பதிப்பில் பேரிகையார் அந்த வரியை அச்சிலும் சேர்த்துக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை.

நாலு நாற்பது

இனி, உயிலில் கையெழுத்து விழுந்த நாள். அவர் இறப்பதற்கு முந்திய மாங்காய்ப் பருவம்.

“கணேசா, நாளைக்கி ஒரு கையெழுத்து வேணும். பேனா நீயே எடுத்துட்டு வா” என்று போன் செய்தார். பதினொன்று பதினைந்துக்குப் போனேன். மேசைமேல் நான்கு தாள்கள். மேல் மூன்றின்மீது தம் முன்கையை வைத்திருந்தார்.

“என்னதுங்க இது?”

“உயில். சாட்சிக்கு விஷயம் தெரிய வேண்டியதில்ல. நான் போடறத பாத்துட்டு, கீழ போடு.”

அவர் போட்டார். நான் பார்த்தேன். பதினொன்று இருபத்தைந்துக்கு நானும் போட்டேன். தொழிற்சாலையில் ஒரு திருகாணியை மூன்று முறை அளக்காமல் கையெழுத்துப் போடாதவன், ஒரு பெண்மணியின் வீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண்மணி அப்போது எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தார்.

ரஷீத் பாய் பதினொன்றுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜூஜுவாடியில் தக்காளி லாரி ஒன்று கவிழ்ந்து, எல்லை வரை வண்டி நகரவில்லை. பேரிகையார் ஒரு மணி வரை காத்திருந்தார். களி சாப்பிட்டார். கண் செருகியது. “நான் படுக்கணும். ரோடு சரியானதும் நீயே போயி பாய்கிட்ட வாங்கிட்டு வந்துரு” என்று சொல்லிப் படுத்துவிட்டார்.

நான் போனேன். சாலையெல்லாம் தக்காளிச் சாறு, வெயிலில் புளிப்பு வாடை. கடையில் நீலத் தார்ப்பாய்களின் அடுக்குமேல் தாளை வைத்து ரஷீத் பாய் கையெழுத்துப் போட்டார். நீலச் சாயம் அவர் கட்டைவிரலிலிருந்து தாளின் மூலையில் ஒட்டிக்கொண்டது.

“என்னான்னு கேக்க மாட்டீங்களா பாய்?”

“பேரிகையார் அனுப்பிச்சாருன்னா வசனமாத்தான் இருக்கும். எனக்கெதுக்கு அது? டீ குடி.”

டைரியில் அன்றைய பதிவு: ‘4.40. ஜூஜுவாடி. ர. பாய் கையெழுத்து, கடையில். பே. உடன் இல்லை, உறக்கம். டீ ஒன்று. சர்க்கரை அதிகம்.’

திரும்பி வந்தபோது பேரிகையார் ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தார். தாள்களை அக்காவிடம் கொடுத்தேன். “முக்கியமானதாப்பா?” என்று கேட்டு, சால்வைப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்தார். பூச்சி அரிக்காமல் இருக்க ஓர் அந்துருண்டையும் போட்டார்.

கண்ணாடிப் பெட்டி

படத்திறப்பு நாளுக்குத் திரும்புகிறேன். சால்வைப் பெட்டியின் அடியிலிருந்து குழு கண்டெடுத்திருந்த உயிலை வாசித்து முடித்ததும், குழு அழைத்து வந்திருந்த வழக்கறிஞர் மஞ்சுளா எழுந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர், வார்த்தைகளை எண்ணிப் பேசுபவர்.

“சாட்சிங்க ரெண்டு பேரும் அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. உங்க வாயால கேட்டுத்தான் நான் பத்திரம் எழுதுவேன். எழுதினவர் கண்ணு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டிருக்கணும். ஒருத்தர் அப்படி போடலன்னாலும் இந்த உயில் வெறும் காகிதம். வீடு நேரா அம்மாவுக்குப் போயிரும்.”

நான் வீட்டுக்குப் போய் டைரியை எடுத்தேன். மணி இரண்டு பதினைந்து. பதிவைப் படித்தேன். பிறகு ஒரு தவறு செய்தேன். வழக்கறிஞரிடம் சொல்வதற்கு முன், மரியாதைக்காகக் கோவிந்தசாமியிடம் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் அவர் என் வீட்டில் இருந்தார், ஒரு கிலோ ஆப்பிளோடு.

“ஒரு வரிதானே கணேசன்? நாடகத்துல நாம முழுக் காட்சியவே வெட்டலயா?”

“அது நாடகங்க. இது டைரி.”

“அதுக்குத்தான் வந்தேன். உங்க டைரிங்க எத்தன இருக்கும்?”

“முப்பத்தொண்ணுங்க.”

“அத்தனயும் நினைவில்லத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கலாம்னு குழு நெனைக்குது. ‘பேரிகையார் காலக் குறிப்புகள், தொகுத்தவர் கணேசன்’. செயலாளர் பொறுப்பும் நீங்கதான். அந்த ஒரு டைரி மட்டும்… கறையான் தின்னுருச்சுன்னு வெச்சுக்கலாம்.”

இதை வாசகர்களிடம் மறைக்கக் கூடாது. இரண்டு நாள் நான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றித்தான் நினைத்தேன். மூன்று தட்டு போதுமா, நான்கு வேண்டுமா என்று கணக்குப் பார்த்தேன். அளவுக்கருவிகள் விஷயத்தில் நேர்மையாக இருப்பது சுலபம். அவை கண்ணாடிப் பெட்டி தருவதாகச் சொல்வதில்லை.

புதன்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். குழு வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. பொருள்களின்மேல் அட்டைகள். பிரம்பு நாற்காலியில் ‘இங்கு அமர்ந்துதான் எழுதினார்’. சமையலறையில் அம்மியின்மேல்கூட ஒன்று: ‘பேரிகையார் உண்ட சட்னி அரைத்த அம்மி’.

அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். “அரச்சவ பேரு போடலயா?”

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி.

கொட்டகையை எனக்குக் காட்டினார். மேலே தகரம், பக்கத்தில் விறகு, ஒரு கட்டில் போட்டால் கதவு மூடாது. “மழைக்கு ஒழுகும். வெயிலுக்கு வேகும். அவரு இங்க ஒருநாளுகூட வந்து நின்னதில்ல. எடம் இருக்குதுன்றது மட்டும் ஞாபகம் வெச்சிருந்திருக்காரு பாரு.”

பிறகு கூடத்து ஜன்னலுக்கு அருகே வந்து நின்றார். கம்பியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“கணேசு, நீ எல்லாத்தயும் எழுதி வெப்பியே. இந்த ஊட்டுக்கு ஜன்னலு எப்ப வெச்சேன்னு உன்கிட்ட இருக்குதா?”

“இருக்குதுக்கா.”

“இருந்தா செரி. எங்கயாவது இருக்கணுமில்ல.”

இடப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை. அதே கூடம். கோவிந்தசாமியும் குழுவினர் நான்கு பேரும் ஒரு வரிசை. மேசைக்கு அந்தப் பக்கம் வழக்கறிஞர் மஞ்சுளா. இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ரஷீத் பாய் ஒன்றில் உட்கார்ந்தார். நான் யோசிக்காமல் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். சமையலறை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். டைரி என் மடியில், பைக்குள்.

என்னிடம் முதலில் கேட்டார்கள். பேரிகையார் முன்னிலையில் பதினொன்று இருபத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். உண்மை.

“ரெண்டாவது சாட்சி?”

“அவரையே கேளுங்க” என்றேன். அதுவும் உண்மை, ஆனால் கோழையின் உண்மை. கோவிந்தசாமி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கண்ணாடிப் பெட்டி உறுதியானது.

ரஷீத் பாயிடம் குழு முன்பே பேசியிருந்தது. அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து சாட்சி சொல்லலாம் என்றார் வழக்கறிஞர். உட்கார்ந்து அவருக்குக் குரல் வராது.

“அம்மா! அன்று இதே கூடம். இதே நாற்காலி. பேரிகையார் என் தோள்மேல் கை வைத்தார். ‘ரஷீத்து, என் மூச்சு நின்றாலும் என் பேச்சு நிற்கக் கூடாது’ என்றார். நான் அழுதேன்.”

இப்போதும் அழுதார். குழுவில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். பாய் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டத்தைக் கொடுத்தால் நடிப்பவர் அவர்.

“எத்தனை மணி இருக்கும்?” என்று கேட்டார் மஞ்சுளா.

இதற்குக் குழு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

“மணி…” என்றார் ரஷீத் பாய். இரண்டு அடி நடந்தார். திரும்பினார். “அப்போது மணி…”

அவருடைய கண்கள் இலேசாக இடப்பக்கம் திரும்பின.

இருபத்திரண்டு வருடம் அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். என்ன செய்வது என்று முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. உதடு அசையாமல் சொன்னேன்: “நாலு நாற்பது.”

“நாலு நாற்பது!” முழங்கினார் ரஷீத் பாய்.

“ஜூஜுவாடி.”

“ஜூஜுவாடி!”

“என் கடை. தார்ப்பாய் அடுக்கு.”

“என் கடை! தார்ப்பாய் அடுக்கு!” வலது கை எழுந்தது. குரல் உத்தரத்தில் மோதியது.

கோவிந்தசாமி எழுந்தார். “பாய், பாய்…” அதைப் பாய் பொருட்படுத்தவில்லை. பார்வையாளர் பக்கத்திலிருந்து வரும் குரல்களை அவர் எந்த ஊரிலும் மதித்ததில்லை.

கடைசி வரியைக் கொடுத்தேன்.

ரஷீத் பாய் இரு கைகளையும் விரித்தார். கண்ணில் நீர் பொங்கியது. “பேரிகையார் அங்கே இல்லை! அவர்… உறங்கிக்கொண்டிருந்தார்!”

மஞ்சுளாவின் பேனா நின்றது.

“இல்லையா?”

“இல்லை!” என்று ஒரு முழக்கம். பிறகு கைகள் மெல்லத் தாழ்ந்தன. அவர் என்னைப் பார்த்தார், தாளின் மூலையிலிருந்த நீலக் கறையைப் பார்த்தார். சாதாரணக் குரலில், ஜூஜுவாடிக் கடைக் குரலில் சொன்னார்: “அட, ஆமாம்மா. இல்லதான். தக்காளி லாரி கவுந்துச்சே, அன்னிக்கி. கணேசுதான் எடுத்துட்டு வந்தான். இங்க வரவே இல்லயே நானு.”

நான் டைரியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வழக்கறிஞர் முன் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். “சர்க்கரை அதிகம்?” என்று கேட்டார்.

“அது டீக்குங்க.”

அவர் ஃபைலை மூடினார்.

“கணேசன், நீங்க பண்ணது துரோகம்” என்றார் கோவிந்தசாமி. “பேரிகையார் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?”

“அவரு என்னா சொல்லியிருப்பாருன்னு நீங்கதாங்க நல்லா எழுதுவீங்க” என்றேன். மூன்றாவது வரிசைக்குக் கேட்கும்படி நான் பேசிய முதல் வாக்கியம் அது. அந்தக் கூடத்தில் இருந்தது ஒரே வரிசைதான். இருந்தாலும்.

ராஜம்மா அக்கா காபித் தட்டோடு வந்தார். முதல் டம்ளரை ரஷீத் பாயிடம் நீட்டினார்.

“பாய், உங்க நாடகம் ஒண்ணக்கூட நான் கடைசி வரைக்கும் பாத்ததில்ல. இன்னிக்கித்தான் முழுசா பாத்தேன்.”

“நல்லா இருந்துச்சாக்கா?” என்று உண்மையான ஆவலோடு கேட்டார் பாய்.

குழு இப்போது பேரிகையாருக்கு வேறிடம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பேரிகையில் அந்தப் பதினான்கு அடிக் குழி மூடிய இடத்தில் ஒரு மண்டபம் கட்டலாம், அஸ்திவாரத்துக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று ஒரு யோசனை. என் டைரிகள் பழையபடி கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கறையான் இல்லை. வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

இந்த அத்தியாயத்துக்காக ஒரு தேதியைச் சரிபார்க்க ‘கதவு அவளுடையது’ கையெழுத்துப் பிரதி தேவைப்பட்டது. அது அக்கா வீட்டில் இருக்கிறது. போன வாரம் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பிரம்பு நாற்காலியில் யாரோ கால் நீட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நாற்காலியில் அட்டை இல்லை. கதவைத் தட்டினேன்.

“யாரது?”

“நான்தான்க்கா, கணேசன்.”

“இன்னிக்கி என்னா கெழம?”

“வியாழன்.”

“லீவு” என்றது குரல்.

டைரியில் அன்றைய பதிவு: ‘11.10. ரா. அக்கா வீடு. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சரி.’